நான் அறுத்த கயிறு

கயிறு அறுந்துவிட்டது என்று கோவில்பட்டியில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மட்டமான கயிறு, படகின் பாரம் தாங்கவில்லை, நல்லவேளை உயிருக்கு ஆபத்தில்லை என்று என்னிடமே வந்து சொல்கிறார்கள். அந்தப் படகில் நானும் இருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கே கதை சொல்கிறார்கள்.

கயிறு அறுந்துவிடவில்லை. நான் அறுத்தேன். வெள்ளரிக்காய் நறுக்கக் கொண்டுபோன கத்தியால், பட்டப்பகலில், முழு நினைவோடு அறுத்தேன். அதை அறுக்காமல் விட்டிருந்தால் வேறொன்றை அறுத்திருப்பார்கள். அந்தக் கதையைத்தான் இப்போது யாரும் சொல்வதில்லை.

நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உள்ளே வர இடமில்லாத கப்பல்கள் வெளியே கடலில் காத்து நிற்கும். அவை எங்கெங்கே நங்கூரம் போட வேண்டும் என்று இடம் ஒதுக்குவது எங்கள் பிரிவின் வேலை. கப்பலின் நீளம், அது எவ்வளவு ஆழம் அமிழ்கிறது, அடியில் மணலா சேறா பாறையா, காற்று மாறினால் எந்தப் பக்கம் சுற்றும், சுற்றும்போது பக்கத்துக் கப்பலில் இடிக்குமா – இத்தனையும் பார்த்த பிறகுதான் ரேடியோவில் வாயைத் திறப்போம். சலிப்பூட்டும் வேலை. சலிப்பூட்டும்படி அதை ஒழுங்காகச் செய்ததால்தான் நான் இருந்த காலத்தில் ஒரு கப்பலும் இன்னொன்றின் மேல் போய் விழவில்லை. ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான கோவில்பட்டிக்கே வந்துவிட்டேன். கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல் காடும் காற்றாலையும் நிற்கிற ஊரில் நங்கூரத்தைப் பற்றி யாரும் என்னோடு சண்டைக்கு வரப்போவதில்லை என்று நம்பினேன்.

வந்தார், என் சம்பந்தி. என் ஒரே மகளின் மாமனார்.

அவருக்கு பஜாரில் கடை. ஆழ்துளைக் கிணறுகளுக்கு மோட்டார் விற்று, இறக்கியும் கொடுக்கிறவர். எப்போதும்வென்றான் முதல் நாகலாபுரம் வரை கரிசலில் எங்கே போர் போட்டாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். தொழிலில் சுத்தமான ஆள். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. போரின் ஆழத்தை அளந்து, அதற்குச் சரியாக நைலான் கயிற்றை வெட்டுவார். வெட்டிய நுனி பிரிந்துபோகாமல் இருக்கத் தீக்குச்சியைக் கிழித்து அதில் காட்டுவார். உருகுவதை எச்சில் தொட்ட கட்டைவிரலால் உருட்டி அமுக்குவார். யாரோடு என்ன பேசிக்கொண்டிருந்தாலும் கை அந்த வேலையைத் தானாகச் செய்யும். ஒரு முழம் கயிறுகூட அதிகம் விடமாட்டார். அதிகம் விட்டால் தொங்கல் விழுந்து பைப்பையும் வயரையும் சுற்றிக்கொள்ளும், பிறகு மோட்டாரை மேலே எடுக்க முடியாது. போருக்குள் அது சரிதான்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளையின் அப்பாவை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசுவதில்லை. இதை யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. சட்டம் போட்டிருந்தால் அதில் விதிவிலக்காவது இருந்திருக்கும். அவர் கடைக்குப் போனால் காபி வரும். பாகு மாதிரி இனிக்கும். எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பது அவருக்குத் தெரியும். "ஒரு நாள் குடிச்சா ஒண்ணும் ஆகாது சம்பந்தி" என்பார். கல்யாணம் ஆன நாள் முதல் அந்த ஒரு நாள் காபியை நான் குடித்துக்கொண்டிருக்கிறேன். வேண்டாம் என்று சொன்னால் அது காபியை மட்டும் சொன்னதாக ஆகாது. மகள் வாழும் வீட்டில் கை நனைக்க மறுத்ததாக ஆகும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு அறுபதைத் தாண்டிய பிறகு பாய்மரப் படகு ஆசை வந்தது. ஏதோ ஒரு கடற்கரை ஊரில் பயிற்சி வகுப்பு நடத்தியவர்கள் கடையை மூடிக்கொண்டு போகும்போது பழைய படகு ஒன்றை இவருக்கு விற்றார்கள். அதே வகுப்பில் கொஞ்ச நாள் படித்து வாங்கிய சான்றிதழ் அவர் கடையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. படகைப் பதிவு செய்ய வேண்டும், மீன்துறையில் சொல்ல வேண்டும், தடை போட்ட தீவுகள் பக்கம் போகக் கூடாது, எல்லாருக்கும் மிதவைச் சட்டை வேண்டும் என்று நான் வரிசையாகச் சொன்னேன். "அதெல்லாம் பய பாத்துக்கிடுவான்" என்றார். பய என்றது என் மாப்பிள்ளையை. அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். காகிதத்தில் எங்களிடம் ஒரு குறையும் இல்லை.

பங்குனியில் ஒரு நாள் நான், சம்பந்தி, மாப்பிள்ளை மூன்று பேரும் கிளம்பினோம். குளத்தூர் தாண்டி உப்பளங்களின் ஓரமாகக் கிழக்கே போனால், ஒரு சின்ன மீன்பிடி ஊர் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் தெற்கே ஓர் ஓடை கடலில் சேருகிற இடத்தில் படகைப் போட்டிருந்தார்கள். அங்கிருந்து அந்த ஊர் வரை போய், கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, கடலில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு. இதுதான் திட்டம். எலுமிச்சை சாதம், வடை, சேவு, வெள்ளரிக்காய் எல்லாம் படகில் ஏறின. ஏறாதவை எவை என்பது நடுவழியில்தான் எனக்குத் தெரிந்தது.

"சம்பந்தி, இன்ஜின் ஒண்ணு சின்னதா இருந்துச்சே?"

"கடையில கெடக்கு. பாயில போற படகுக்கு இன்ஜின் எதுக்கு? மாட்டு வண்டிக்கு டீசல் ஊத்துவீங்களா?"

"நங்கூரத்தோட ஒரு சங்கிலி வரும்."

"துருப்பிடிச்ச சங்கிலி. கழத்திப் போட்டுட்டேன். நம்ம கடைக் கயிறு இருக்குல்லா? மோட்டாரையே தாங்குது, இந்த டப்பாவத் தாங்காதா?"

கயிறு இருந்தது. பச்சை நைலான் கயிறு, ஒரு முழுச் சுருள், என் காலடியில். அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாயை அவர் நன்றாகவே பிடித்தார். கரையிலிருந்து வீசிய காலைக்காற்றில் படகு சுகமாகப் போனது. அந்த ஊரின் மாதா கோவில் கோபுரம் தெரிந்து, கரையில் கிடந்த வள்ளங்கள் தெரிந்து, தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் கேன்கள் மிதப்பதும் தெரிந்தது. நண்டு வலையின் மிதவைகள். அடியில் வலை வேலி போலக் கிடக்கும். மேலே கேன் அடையாளம். அதற்கும் கடல் பக்கமாகப் படகைக் கொண்டுவந்து, "இங்கன போடுவோம்" என்றார் சம்பந்தி.

கேன்களுக்கு அருகே ஒரு வள்ளம் நின்றது. அதில் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர். அந்த அம்மாள்தான் முதலில் கத்தினாள்.

"ஏ அண்ணாச்சி! இங்கன போடாதீங்க! கரைப்பக்கம் நம்ம வலை கெடக்கு!"

கணவர் எழுந்து நின்று கையைக் காட்டினார். "மத்தியானம் காத்துத் திரும்பும். உங்க படகு நேரா வலை மேலதான் வரும். வடக்க தள்ளிப் போடுங்க. அங்கன வலை ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் ஆகாது தம்பி!" என்றார் சம்பந்தி. "கட்டிப் போடுததெல்லாம் நமக்குப் பழக்கம்தான்!"

"படகக் கட்டுதீங்களா, ஆட்டக் கட்டுதீங்களா?" என்றாள் அந்த அம்மாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். "புது வலை அண்ணாச்சி. பழசு புயல்ல போயிட்டு. இதுவும் போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் கரையிலதான் உக்காரணும்."

"கவலப்படாதம்மா!"

அவர்கள் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வள்ளத்தைக் கரைக்கு விட்டார்கள்.

இனி சம்பந்தியின் வேலை. கயிற்றில் ஒரு இரும்பைக் கட்டிக் கடலின் ஆழத்தை அளந்தார். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். நாலு கை விரிகிற சின்ன நங்கூரத்தை இறக்கினார். அது தரையைத் தொட்டதும், தொங்கல் இல்லாமல் கயிற்றை இழுத்து, விறைப்பாக, செங்குத்தாக, படகின் முனையில் கட்டினார். போரில் மோட்டார் இறக்குவது போலவே இறக்கினார். தட்டிப் பார்த்தார். வீணைக் கம்பி மாதிரி நின்றது. மீதிக் கயிறு முழுவதும் சுருளாக என் காலடியிலேயே கிடந்தது.

நங்கூரம் எடையால் பிடிப்பதில்லை. நீளமாகக் கயிறு விட்டால் அது அடியில் படுக்கும்; படகு இழுக்க இழுக்க அதன் கை மண்ணுக்குள் இறங்கும். செங்குத்தாக இழுத்தால் மண்ணை விட்டுக் கிளம்பிவிடும். மண்வெட்டியைத் தெரிந்தவனுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் பெண்ணைக் கொடுத்தவன் அல்லவா? இப்படித் தொடங்கினேன்:

"சம்பந்தி, நீங்க பாத்துத்தான் செய்யுதீங்க. இருந்தாலும் கயித்த இன்னும் நாலஞ்சு மடங்கு விட்டா நல்லாருக்குமோன்னு தோணுது."

"நாலஞ்சு மடங்கா? எதுக்கு, நண்டுக்கு ஊஞ்சல் கட்டவா?"

மாப்பிள்ளை சிரித்தார். அவர் அப்பா பேச்சுக்குச் சிரிப்பது அவர் கடமை. நான் விடவில்லை. நங்கூரம் படுக்க வேண்டும், அப்போதுதான் பிடிக்கும், காற்றுத் திரும்பினால் இழுபடும், அந்தப் பக்கம் வலை கிடக்கிறது என்று பாடம் நடத்துகிற மாதிரியே சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்:

"சம்பந்தி, நீங்க கட்டடத்துக்குள்ள ஃபேனுக்குக் கீழ உக்காந்து ரேடியோல சொன்ன ஆளு. நான் கையால கயிறு பிடிச்சவன். சாப்பிடுவோமா?"

அவர் சொன்னது உண்மை. நான் ஃபேனுக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். ஃபேன் ஓடிய காரணத்தால் கடலின் அடித்தரை போர்க் குழாயாக மாறிவிடுமா? ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு பேச ஒன்றும் இருக்காது. அவருக்கும் அது தெரியும். சட்டியில் எலுமிச்சை சாதம் வந்தது. கோபத்தை வடையோடு சேர்த்து மென்றேன்.

நங்கூரம் போட்டதும் கரையில் இரண்டு பொருள்களை ஒரே கோட்டில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கடல்காரனும் செய்வது; கோடு கலைந்தால் படகு இடம் மாறுகிறது என்று அர்த்தம். பக்கவாட்டில் தெரிந்த மாதா கோவில் கோபுரமும் அதற்குப் பின்னால் ஊர்த் தண்ணீர்த் தொட்டியும் எனக்கு ஒரே கோட்டில் இருந்தன. தொட்டி கோபுரத்துக்குப் பின்னால் முழுக்க மறைந்திருந்தது. சாப்பிட்டு முடித்து, சம்பந்தி பாயின் நிழலில் துண்டை விரித்துச் சாய்ந்தார். கரைக்காற்று நின்றது. கொஞ்ச நேரம் கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. பிறகு பின்கழுத்தில் குளிர்ச்சியாகக் கடல்காற்றுப் பட்டது. படகு மெல்லத் திரும்பி, கரைப் பக்கமாக நின்றது.

தண்ணீர்த் தொட்டி கோபுரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

"சம்பந்தி, படகு நகருது."

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "தண்ணில படகு நகராம, தவசா பண்ணும்?"

"நங்கூரம் இழுபடுது. தொட்டி வெளிய வந்துட்டு, பாருங்க."

"தொட்டி எங்க போகும்? கண்ணாடிய மாத்துங்க."

மாப்பிள்ளை எழுந்து கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். நானே முன்னால் போனேன், மீதிக் கயிற்றை விட்டுவிடலாம் என்று. கட்டு இறுகிப்போயிருந்தது; படகின் மொத்த பாரமும் அதில் இருந்தது. கையால் அவிழ்க்க முடியவில்லை. "கயித்துல கைய வைக்காதீங்க சம்பந்தி, நான் போட்ட முடிச்சு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வெள்ளைக் கேன்கள் பக்கத்தில் வந்துகொண்டிருந்தன.

அப்போது படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"பாத்தீங்களா?" என்று சம்பந்தி எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பிடிச்சிட்டுல்லா? நீங்க சும்மா பயப்படுதீங்க."

பிடித்தது. எதைப் பிடித்தது என்பதைக் கேன்கள் சொல்லின. தள்ளித் தள்ளி மிதந்தவை ஒன்றையொன்று நெருங்கின. சில தண்ணீருக்குள் அமிழ்ந்தன. மற்றவை படகை நோக்கி வரிசையாக வந்தன. நாலு கையும் விரிந்த நங்கூரம் வலைக்குள் இறங்கி அதைச் சுருட்டிக்கொண்டிருந்தது. கரையில் யாரோ ஓடுவது தெரிந்தது. அந்தக் கணவனும் மனைவியும்தான். வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளினார்கள். அந்த அம்மாளின் சத்தம் மட்டும் காற்றை எதிர்த்து எங்களுக்குக் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. கேட்காதவரை நல்லது.

சம்பந்தியும் மாப்பிள்ளையும் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள். நங்கூரம் மேலே வந்தது. அதோடு ஒரு வைக்கோல் பொதி அளவுக்கு வலையும் வந்தது, உள்ளே உயிரோடு நண்டுகள் காலை ஆட்டிக்கொண்டு. உதறினார். விழவில்லை. திருப்பினார். இன்னும் இறுகியது. காற்று தள்ளத் தள்ள வலை நீளமாகக் கிழிகிற சத்தம் வந்தது, துணிக்கடையில் துணி கிழிப்பது மாதிரி.

"கத்திய எடுலே" என்றார் மகனிடம். "வலைய அறுத்து விட்டுருவோம். இல்லன்னா நங்கூரம் வராது."

எனக்கு அந்த நிமிஷம் எது தாங்க முடியாமல் போனது என்று பல தடவை யோசித்துவிட்டேன். அவருக்கு வலையின் மேல் பகை ஒன்றும் இல்லை. கெட்ட மனிதரும் இல்லை. நங்கூரம் தன் பொருள், வலை இடைஞ்சல். அவ்வளவுதான் அவர் பார்த்தார். புது வலை என்று அந்த அம்மாள் சொன்ன வார்த்தையை அவர் எலுமிச்சை சாதத்தோடு சேர்த்து முழுங்கியிருந்தார். மகன் எடுத்துக் கொடுத்த கத்தி அவர் கையில், வலைக்கு நூல் அளவு தூரத்தில் இருந்தது.

"கத்திய இங்க குடுங்க சம்பந்தி."

"ஆங், நீங்களே அறுங்க. எனக்கு இந்தக் கை வழுக்குது."

கொடுத்தார். நான் வலையை அறுப்பேன் என்று நினைத்துத்தான் கொடுத்தார். அவர் நினைப்பதைத் தவிர வேறெதையும் நான் செய்வேன் என்று அவர் எதற்காக நினைக்க வேண்டும்? நான் குனிந்து, நங்கூரத்துக்கு மேலே கொஞ்சம் தள்ளி, விறைத்து நின்ற பச்சைக் கயிற்றில் கத்தியை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தேன். நங்கூரமும் வலையும் நண்டும் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்தன. அவசரத்தில் நங்கூரத்தை விடுகிறவன் அதில் மிதவை கட்டி விட வேண்டும் என்பது முறை. மிதவைக்குக் குறைவில்லை, வலையின் கேன்களே இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றன.

"என்ன செய்யுதீங்க!" என்றார். 

படகுக்கு அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பலகை வலையில் மாட்டாமல் இருக்க அதை மேலே இழுக்கச் சொல்லி மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்தினேன். சுக்கானை நான் தூக்கிப் பிடித்தேன். பிடிக்க நங்கூரம் இல்லை, ஓட இன்ஜின் இல்லை, பாயை ஏற்ற நேரமில்லை. காற்று எங்களை மிதவைகளுக்கு மேலாகத் தள்ளிக்கொண்டு போய், அந்த ஊரின் கண்ணுக்கு முன்னால், மணலில் கொண்டுபோய் உட்கார வைத்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"ஏட்டி, கப்பல் வந்துட்டுடி! சீமைக் கப்பல்!"

"ஏறுங்க ஏறுங்க, டிக்கெட் எடுத்தாச்சா?"

"பெரியவரே, வேட்டிய உதறிட்டு வாங்க, சேவுல்லாம் ஒட்டிருக்கு!"

சம்பந்தி முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. வள்ளம் வலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எங்களுக்குப் பின்னாலேயே கரைக்கு வந்தது. அந்த அம்மாள் இறங்கி நேராக வந்தாள். சேலை இடுப்பு வரை நனைந்திருந்தது.

"கத்திய எடுத்தது யாரு?"

மாப்பிள்ளை குனிந்து மீதிக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

"நான் வள்ளத்துல நின்னு பாத்தேன். நம்ம வலைக்கு நேரா கத்தி தெரிஞ்சுது. யாரு எடுத்தா?"

சம்பந்தி தொண்டையைச் செருமினார். "இங்க பாரும்மா. எங்க சம்பந்தி இருக்காவளே, துறைமுகத்துல பெரிய ஆபீசரா இருந்தவிய. நங்கூரம் விஷயமெல்லாம் அவியளுக்குத்தான் தெரியும். அவிய சொல்லுக்குத்தான் நாங்க செஞ்சது."

நான் ஆபீசராக இருந்ததில்லை. அதை விடுங்கள். நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவர் செய்யவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் என் சொல்படி செய்ததாக, என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டே சொன்னார். நான் சும்மா இருப்பேன் என்று அவருக்கு நிச்சயம். பெண்ணைக் கொடுத்தவனுடைய வாயை அவர் தன் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"கயித்தக் குறைச்சு விட்டது இவிய" என்றேன். "வலைய அறுக்கக் கத்தி எடுத்ததும் இவிய. கயித்த அறுத்தது மட்டும் நான்."

கரையில் சிரிப்பு நின்றது. மாப்பிள்ளை கடலைப் பார்த்தார். அந்த அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க வீட்டுச் சண்டைய வீட்டுல வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வள்ளத்துக்குத் திரும்பிவிட்டாள். அவள் கோபம் முழுக்க நியாயம். வலை கிழிந்து கிடக்கும்போது எங்களில் யார் யோக்கியன் என்பது அவளுக்கு எதற்கு?

படகை ஓடைக்குக் கொண்டுபோக ஆள் சொல்லிவிட்டு, காரில் ஊர் திரும்பினோம். எட்டயபுரத்தில் டீக்கடைக்கு நிறுத்தினார்கள். கடைக்காரர் சம்பந்திக்குத் தெரிந்தவர். நனைந்த வேட்டியைப் பார்த்து என்ன அண்ணாச்சி என்று கேட்டார். சம்பந்தி டம்ளரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கடலுக்குப் போனோம். கயிறு அறுந்துட்டு. கம்பெனிக்காரன் மட்டமானதத் தள்ளி விட்டுட்டான்." அந்தக் கதை அங்கேதான் பிறந்தது, என் கண் முன்னால், என் பக்கத்தில். ஊர் வந்து சேருவதற்குள் அதற்குக் கால் முளைத்திருந்தது. மறுநாள் மகள் போனில் பேசினாள்.

"கயிறு அறுந்துட்டுன்னே இருக்கட்டும்பா. உங்களுக்கு அதுல என்ன கொறஞ்சு போச்சு?"

"வலை கொறஞ்சு போச்சும்மா."

"அதுக்கு உள்ளத இவிய குடுத்து அனுப்பிடுவாவ. நீங்க பேசாம இருங்க."

கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வள்ளக்காரர்கள் வாங்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

சில நாள் கழித்து அந்தக் கணவரே எனக்குப் போன் செய்தார். மாப்பிள்ளை அன்று என் நம்பரைத்தான் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், தன்னுடையதைக் கொடுக்கவில்லை. நங்கூரத்தை வலையிலிருந்து பிரித்து எடுத்துவிட்டோம், வந்து கொண்டுபோங்கள் என்றார். சம்பந்தியிடம் சொன்னேன். "ஆள அனுப்பலாம்" என்றார். ஆளை அனுப்பவில்லை. பஸ் ஏறி நானே போனேன்.

வேப்ப மரத்தடியில் வலை விரித்துக் கிடந்தது. சரிபாதி நல்லது, சிக்கெடுத்து மடித்து வைத்திருந்தார்கள். மீதி குப்பையாக ஒரு மூலையில் குவிந்திருந்தது. கத்தி பட்டிருந்தால் நல்ல பாதியும் போயிருக்கும்; வலை முழுவதையும் சேர்த்துப் பிடிக்கிற அடிக்கயிறு அந்தப் பொதிக்குள்தான் இருந்தது என்று கணவர் காட்டினார். இருக்கிற பாதியை வைத்து மறுநாளே கடலுக்குப் போவதாகச் சொன்னார். அந்த அம்மாள் சிக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"அவிய குடுத்து விட்டத நாங்க தொடல, தெரியுமா?"

"தெரியும்."

"எங்களுக்குக் காசு வேண்டாம்னு இல்ல. ஆளு வரட்டும். கத்திய எடுத்தவிய வந்து, இங்கன நின்னு, தெரியாம செஞ்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். பெறகு வாங்குதோம். சொல்லுவீங்களா?"

"சொல்லுதேன்."

"நீங்க சொல்லுவீங்க. அவிய வர மாட்டாவ" என்றாள்.

நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன சார் இது? எங்க எறங்குதீங்க?"

"கோவில்பட்டி."

"கோவில்பட்டிக்குக் கடல் வந்துட்டா? சொல்லவே இல்லயே." பின் சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். "காலுக்கடியில வையுங்க. பஸ்ஸு நிக்காட்டி எறக்கி விட்டுருவோம்."

எட்டயபுரம் தாண்டி, அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த கரிசலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நங்கூரத்தில் இன்னும் ஒரு முழம் பச்சைக் கயிறு இருந்தது. அதன் நுனியை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். இழுபட்டு அறுந்த கயிறு நார் நாராகப் பிரிந்து துடைப்பம் மாதிரி இருக்கும். இது நேராக, தட்டையாக, கத்தி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. கயிறு விற்கிறவருக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

பஸ் நிலையத்திலிருந்து நேராகக் கடைக்குப் போனேன். மோட்டார் வாங்க வந்த விவசாயச் சம்சாரிகள் நாலைந்து பேர் நின்றார்கள். நங்கூரத்தை மேசையின் மேல் வைத்தேன். சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள்.

"வாங்க சம்பந்தி!" என்றார். "நான் ஆள அனுப்பிருப்பேனே. என்னத்துக்கு நீங்க செமந்துக்கிட்டு?"

"அந்த அம்மா ஒரு வார்த்த சொல்லச் சொல்லிச்சு" என்று தொடங்கினேன். நின்றவர்கள் காதில் விழட்டும் என்றே சொன்னேன். கத்தியை எடுத்தவர் நேரில் வந்து நின்று, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என்பதை அவள் சொன்னபடியே சொன்னேன். கயிற்றின் நுனியைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன். "இது அறுந்த கயிறா, அறுத்த கயிறான்னு நீங்களே இவியளுக்குச் சொல்லுங்க."

ஒரு சம்சாரி எட்டிப் பார்த்தார். சம்பந்தி நுனியைக் கையில் எடுத்தார். பார்த்தார். கொஞ்ச நேரம் நன்றாகவே பார்த்தார். அவர் கண்ணுக்கு அது தெரிந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிறகு மேசை மேலிருந்த தீப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சியைக் கிழித்து, நுனியில் காட்டினார். பச்சை நிறம் கறுத்து உருகியது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, உருட்டி, அமுக்கினார். என் கத்தி போட்ட முகம் ஒரு கறுப்பு மொக்காகிவிட்டது. பழக்கத்தில் செய்தாரா, தெரிந்து செய்தாரா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

"பிரிஞ்சுரும்லா, அதான்" என்றார் சம்சாரிகளைப் பார்த்து. "ஏலே, சம்பந்திக்குக் காபி சொல்லு."

"எப்ப போவோம்?" என்று கேட்டேன்.

"எங்க?"

"அந்த ஊருக்கு."

"போவோம் போவோம். வெயில் தாழட்டும்."

காபி வந்தது. ஆவி பறந்தது, பாகின் வாசனை எனக்கு நின்ற இடத்திலேயே தெரிந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டினார். கடையில் நின்ற அத்தனை பேரும் எங்கள் பக்கத்து ஆட்கள். ஒரு மாப்பிள்ளையின் அப்பா கொடுத்த காபி மேசையில் ஆறினால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"எனக்குச் சர்க்கரை இருக்கு" என்றேன்.

"ஒரு நாள்தான சம்பந்தி."

"அவியள்ட்ட போயிட்டு வாங்க. வந்து குடிக்கேன்."

ஆடை படிந்துகொண்டிருந்த அந்தக் காபியை மேசையில், நங்கூரத்துக்குப் பக்கத்தில் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். வீடு வந்து சேருவதற்குள் மகள் மூன்று முறை அழைத்திருந்தாள். இதை எழுதும் இன்று வரை அவர் அந்த ஊருக்குப் போகவில்லை. நானும் அந்தக் கடையில் காபி குடிக்கவில்லை.